கோரேசு ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு பேர்

தீர்க்கதரிசனம் சொல்லப் போகிறவன் கேள்விக்கும் தயாராகப் போகவேண்டும்; நான் ஒருநாளும் அப்படிப் போனதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் சங்கரன்கோயில் வட்டாரத்துக்கு நான்தான் ஊரூராய் வேதம் சொல்லித் திரிகிற உபதேசியார். ஒரு சைக்கிள், ஒரு படச்சுருள், வேதப்புத்தகம், கூட டோலக்கு வாசிக்க ஞானமுத்து. பெரிய பெரிய பட்டணங்களுக்கு என்ன கதி வரும் என்று தீர்க்கதரிசிகள் முன்கூட்டியே சொன்னதும், பின்னால் சரித்திரத்தில் அது நடந்ததும்தான் எங்கள் சரக்கு. சந்தையில் பல்பொடி விற்றவர்களே, இன்ஷூரன்ஸ் பிடிக்க அலைந்தவர்களே, நீங்களெல்லாம் நம்ம கட்சி. உங்களுக்குத்தான் இது புரியும்.

கடலைத் தூர்த்த கதை

முதலில் தீரு பட்டணம். கடல் வியாபாரத்தில் கொழுத்த ஊர். அதன் கல்லும் மரமும் மண்ணும் தண்ணீருக்குள் போகும், வெறும் பாறையில் வலை காயும் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்லிவைத்தார். இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து கிரேக்க ராஜா அலெக்சாந்தர் வந்தான். தீவுக்குள் ஒளிந்திருந்த ஊரைப் பிடிக்க, கரையில் கிடந்த பழைய ஊரின் இடிபாட்டை வாரிக் கடலில் கொட்டிப் பாதை போட்டான்.

வத்தல் கடை அண்ணாச்சி ஒருவர் கைகட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். கண்ணை மூடி மூடித் திறந்தார். ஆத்துமா அசைந்துவிட்டது என்றே நினைத்தேன். பட்டாளத்து வேலையைக் குத்தகை எடுத்தே பலர் பணக்காரரான யுத்த காலம் அது என்பதை மறந்துபோனேன். “அது கெடக்கட்டும் உபதேசியாரே, அவ்வளவு மண்ணடிச்சிருக்கானே, அந்தக் காண்டிராக்ட்ட யாருவே எடுத்தா?” என்றார்.

கிடை போடாத ஊர்

குருவிகுளம் பக்கம் அறுப்பு முடிந்த புஞ்சைகளில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ராத்திரி ஆடுகள் அடைந்து கிடந்தால் நிலத்துக்கு உரம். ஆட்டுக்காரர்களுக்குப் பாபிலோனை விடப் பொருத்தமான கதை ஏது? உலகத்தையே கட்டி ஆண்ட ஊர், கடைசியில் ஒரு மேய்ப்பன்கூட அங்கே ஆடு மறிக்க மாட்டான் என்று ஏசாயா சொன்னார், இன்றைக்கும் அது மண்மேடுதான் என்று முழங்கினேன்.

கிடைக்கு மூத்தவர் ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். என் படத்திலிருந்த மதில், கோபுரம் எதையும் அவர் பார்க்கவில்லை. பிறகு, “கிடைக்காரனுக்குச் சோறு போடாத ஊரா இருந்திருக்கும்யா. இங்கனயும் அப்படி ரெண்டு ஊரு கெடக்கு, நாங்களும் போறதில்ல” என்றார்.

பொறந்த புள்ள பேர்

எனக்கு ரொம்பப் பிடித்தது கோரேசு ராஜா. யூத ஜனங்களைப் பாபிலோன்காரன் சிறைபிடித்துப் போவதற்கு முன்னாலேயே, அவர்களை விடுவிக்கப் போகிற ராஜாவின் பேர் கோரேசு என்று ஏசாயா சொல்லிவிட்டார். கோரேசு அப்போது பிறக்கவே இல்லை! பிற்பாடு பெர்சியாவிலிருந்து வந்தான், பாபிலோனைப் பிடித்தான், சிறைப்பட்டவர்களை ஊருக்குப் போங்கள் என்று அனுப்பிவைத்தான். இதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடும்.

அன்றைக்குத் தேரடியில் சொல்லிக்கொண்டிருந்தேன். மோர் விற்கிற வேலம்மா பானையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள். அவளுடைய ஒரே மகன் சங்கரலிங்கம் பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போனவன். ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான் என்பதோடு சேதி நின்றுபோயிற்று. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல யாருமில்லை.

“பொறக்காத புள்ள பேரே அதுல இருக்குன்னா பொறந்த புள்ள பேரு இருக்காதா? என் மவன் பேரப் பாருங்கய்யா” என்றாள். “இதுல ராஜாக்க பேருதாம்மா இருக்கும்” என்றேன். அவள் நகரவில்லை. “அந்த ராசாவுக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பாள்லா? அவ கேட்டிருப்பா, எழுதியிருப்பாவ. நான் கோமதி அம்மன்கிட்டயும் கேட்டிருக்கேன், உங்ககிட்டயும் கேக்கேன்.”

மோர்

அதிலிருந்து சந்தைதோறும் வேலம்மா எங்களுக்கு ஆளுக்கொரு செம்பு மோர் கொண்டுவருவாள். குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, “பாத்தியளா?” என்பாள். அவனுக்காக ஜெபம் பண்ணுகிறேன் என்பேன். “அதும் பண்ணுங்க, பேரையும் பாருங்க” என்று பானையைத் தூக்கிக்கொண்டு போவாள். சிவகிரி பஸ் வந்து நின்றால் மட்டும் பேச்சு பாதியில் நிற்கும். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள்.

ஞானமுத்துவுக்குத் தாங்கவில்லை. “பேரு இருக்கு, வருவான்னு சொல்லித் தொலையும்வே. அவ நிம்மதியாத் தூங்கட்டும்” என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. “ரெண்டே வருஷத்துல பாபிலோன்லருந்து சிறைப்பட்டவங்க திரும்பிடுவாங்கன்னு ஊருக்கு இதமாப் பேசின பொய்த் தீர்க்கதரிசி அனனியா என்ன ஆனான்? அந்த வருஷமே போய்ச் சேர்ந்தான். எழுபது வருஷம்னு உள்ளதைச் சொன்ன எரேமியா அடிபட்டார். ஆனா அவர் சொன்னதுதானே நடந்துது? தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன், போடா” என்று கத்தினேன். அவன் டோலக்கு வாரை இறுக்கிக்கொண்டே சொன்னான்: “எரேமியாவுக்கு யாரும் மோர் கொண்டாந்து குடுக்கலயேவே. நீரு குடிச்சிட்டுல்லா நிக்கீரு.”

விட்டுப்போன பேர்

யுத்தம் முடிந்த மறுவருஷம், கோமதி அம்மன் தபசுத் திருவிழாவுக்கு ஊர் கூடிக்கொண்டிருந்த சமயம். நான் படத்தை விரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேலம்மா வருகிறாள், பானை இல்லை. கையில் ஒரு ஆளைப் பிடித்து இழுத்துவருகிறாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், எலும்பில் சட்டை மாட்டினது மாதிரி ஒருவன். யாரென்று கேட்கவேண்டியிருக்கவில்லை. ஞானமுத்து டோலக்கைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதான். நானும்தான் அழுதேன். சங்கரலிங்கம் நாங்கள் யாரென்று தெரியாமல் ஆத்தாவைப் பார்த்தான்.

வேலம்மா அழவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தில் விரலை வைத்தாள். “முன்னாடியே எழுதாம விட்டுட்டாவ, போகட்டும். இப்பம் எழுதுங்கய்யா, அந்த ராசா பேருக்குப் பக்கத்துலயே எழுதுங்க.”

பென்சிலை எடுத்து ஓரத்தில் ‘சங்கரலிங்கம்’ என்று எழுதினேன். எழுதிவைத்துப் பிற்பாடு நிறைவேறினதையே ஆயுசு பூராவும் கூவி விற்ற எனக்கு, நிறைவேறின பிறகு எழுதக் கிடைத்தது அது ஒன்றுதான்.