சேற்றுக்குக் கடன் வேண்டாம் என்ற அண்ணன்

எழுத உட்கார்ந்தால் பாதி வரியில் எழுந்துவிடுகிறேன். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு. அவர் பெருமைகளை மட்டும் சொல்லி முடித்தால் அவரே ஒப்புக்கொள்ளமாட்டார்.

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே, ஆற்றுத் தண்ணீர் முதலில் தொடும் ஊரில் அண்ணன் பிறந்தார். நான் வாழ்க்கைப்பட்டது அதே தொகுதியின் கடைமடையில். இங்கே தண்ணீர் கடைசியாக வரும், வந்தால். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. கல்லூரியை விட்டுவிட்டு ஏர் பிடித்தார், என்னைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார்.

நாடு தன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்ததாகச் செய்தி வந்த சமயம், அண்ணனும் அண்ணியின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்துவிட்டு வந்திருந்தார். "நகைய வெச்சு நடவு போட்டா அறுப்புல மீட்கலாம். சோறு பொங்க வெச்சா எதால மீட்கறது?" என்றார். அண்ணி விடவில்லை. "நாட்டுக்கு அப்புறம் கவலைப்படுங்க. என் சங்கிலி எப்ப வரும்?"

கடன் விளைச்சலுக்குத்தான், சாப்பாட்டுக்கு அல்ல என்ற அந்த எண்ணத்தோடுதான் அண்ணன் சுயேச்சையாக நின்று ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார். பட்ஜெட் புத்தகங்களைப் பலர் கட்டுப் பிரிக்காமல் ஊருக்குக் கொண்டுவருவார்களாம். அண்ணன் ரயிலிலேயே படித்துப் பென்சிலால் கோடு போட்டுவைப்பார்.

வாய்க்கால்களைத் தூர்வார அரசு கடன் வாங்கப்போவதாக அறிவித்தது. அண்ணன் சபையில் எழுந்தார். "மதகு கட்டக் கடன் வாங்குங்கள், பேரன் காலம்வரை நிற்கும். இன்று வாரிய சேறு அடுத்த வெள்ளத்தில் திரும்பிவிடும். கடன் மட்டும் தங்கிவிடும். தூர்வாருவதற்கு வருவாயிலிருந்து செலவு செய்யுங்கள்."

அந்த ஆண்டு எங்கள் வாய்க்காலில் வேலை நடக்கவில்லை. கஜானாவில் பணமில்லையா, அண்ணன் பேச்சா, எதனால் நின்றது என்று எனக்கு இன்றும் தெரியாது. அவரால்தான் என்று ஊர் முடிவுகட்டியது. சேறும் கோரையும் அடைத்து, தண்ணீர் இரண்டு மைல் முன்பே நின்றுவிட்டது. எங்கள் நாற்று கருகியது.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தார். வேட்பாளருக்கு வாசலுக்கு வாசல் ஆரத்தி எடுப்பது வழக்கம். தங்கை எடுக்கிறாளா பார்ப்போம் என்று தெருவே காத்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துவிட்டேன். வாசலுக்குத்தான் போகவில்லை, நிலைப்படிக்கு உள்ளேயே நின்றேன்.

"கோவமா இரு பாப்பா. நான் சொன்னது தப்பான்னு மட்டும் சொல்லு."

"வயல்ல போய்க் கேளுங்கண்ணே."

"வாரத்தான் வேணும். கடன்ல வாரக்கூடாதுங்கறேன்."

"பாருங்கய்யா, தங்கச்சி வீட்டு வாசல்லயே பட்ஜெட் வாசிக்கிறாரு!" என்றார் எதிர்வீட்டுக்காரர். தெரு சிரித்தது. ஒரு தட்டும் வெளியே வரவில்லை. அண்ணன் தோற்றார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கிளம்பினார்கள். என் மகனை வழியனுப்பத் திருச்சி விமான நிலையத்துக்கு அண்ணன்தான் கூட வந்தார். "இனிமே இவன் அனுப்புற டாலர்லதான் நாட்டுக் கணக்குல இருக்கற ஓட்டைய அடைப்பாங்க" என்று சிரித்தார். அவன் உள்ளே போனதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி நாட்களில், தஞ்சாவூர் மருத்துவமனையில், நானே பேச்சை எடுத்தேன்.

"அன்னைக்கு நான் வாசலுக்கு வந்திருக்கணும்ணே."

"எதுக்கு? உன் வயல் காஞ்சது நெசம். நான் சொன்னதும் நெசம்."

"ரெண்டும் எப்படிண்ணே?"

அண்ணன், பட்ஜெட் செய்தி பேப்பரில் வந்துவிட்டதா என்று கேட்டார். வரவில்லை. இரண்டாம் நாள் போய்விட்டார். இரண்டும் எப்படி நிஜமாகும் என்று கேட்டுக்கொண்டு நான் இன்னும் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

முறை வைத்து உடனிருந்த அண்ணன் பிள்ளைகளுக்கும், ஊசி போடும்போதெல்லாம் "ஐயா, எங்க சம்பளத்துல கை வெச்சுடாதீங்க" என்று அவரைச் சிரிக்கவைத்த செவிலியருக்கும், வந்து நின்ற உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைமடையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களுக்குத் தனியே சொல்லவேண்டும். அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள்தாம் முதலில் வந்து தோள் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர்.