எக்கோவை எடுக்கச் சொன்னது நான்தான்

1. விழுப்புரம், முதல் மேடை

என் பெயர் ஏழுமலை. பதினெட்டு வருடமாக நானும் தனசேகரும் ஜோடியாக மேடையில் பாடுகிறோம். சினிமாப் பாட்டு கிடையாது. கிட்டார், ரிதம் பேடு வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சில் நாங்களே கட்டிய பாட்டுகள். ஆட்டப் பாட்டெல்லாம் என்னுடையது, மெலடி எல்லாம் அவனுடையது.

முதல் மேடை விழுப்புரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிப் போகும் மினி லாரியைப் பற்றிய பாட்டைப் பாடி, மாப்பிள்ளையின் அப்பாவையே ஆட வைத்தேன். சட்டையைப் பிழிந்தால் அரை சொம்பு தேறும், அவ்வளவு வியர்வை. பிறகு தனசேகர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே ஒரு மெலடி பாடினான்.

மேடையை விட்டு இறங்கியதும் பெண்ணின் அம்மா என்னைத் தாண்டிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரு ஞாபகம் வந்துடுச்சுப்பா. நீ நல்லா இருக்கணும்."

பக்கத்தில் நான் நிற்பது அப்புறம்தான் தெரிந்தது. "நீயும் நல்லா ஆடினப்பா" என்றார்.

நான் ஆடவில்லை, பாடினேன். அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல். இதே கதை எல்லா ஊரிலும் நடந்தது. வேர்த்துக் கொட்டுவது நான், கையைப் பிடித்து அழுவது அவனிடம்.

2. திண்டிவனம், சவுண்டு செக்

சில வருடம் முன்பு, திண்டிவனம் மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன். சென்னையிலிருந்து ஆடியோ கம்பெனிக்காரர் ஒருவர் எங்களைக் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு பேர் பாட்டும் கேக்குறேன். ஆனா ஒரு பாட்டுதான் வீடியோ பண்ணுவோம், பாத்துக்குங்க" என்றார் போனில்.

அந்த ஒரு பாட்டு என்னுடையதாக இருக்க வேண்டும். ஒரு வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

தனசேகருக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. மைக்கில் எக்கோ இருந்தால் குரலில் உள்ள பிசிறு தெரியாது. எக்கோவை எடுத்துவிட்டால் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். சவுண்டு செக் முடிந்து அவன் வெந்நீர் குடிக்கப் போனதும், மிக்சரில் இருந்த எங்கள் சவுண்டு ஆள் பாபுவிடம் போனேன்.

"பாபு, சேகரு மெலடி எடுக்கும்போது எக்கோவை மொத்தமா எடுத்துடு."

"இன்னாண்ணே சொல்றீங்க? அவருக்குத் தொண்ட வேற கட்டிக்கினு இருக்குது. பச்சையா கேக்குமே."

"அவன்தான் சொல்லச் சொன்னான்."

பொய் சொல்லும்போது வாய் குழறவில்லை. அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

3. அந்த மெலடி

என் பாட்டு முதலில். மண்டபமே எழுந்து ஆடியது. கம்பெனிக்காரர் காலால் தாளம் போட்டார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்து தனசேகர். வெளியூர் போன லாரி டிரைவர் மகளோடு போனில் பேசுகிற பாட்டு. இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. ஓரமாக நின்றிருந்த எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

அவன் பாபுவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைக் கீழே இறக்கி, பாதி பேச்சாகவே பாடிக்கொண்டு போனான். எக்கோ இல்லாததால் நிஜமாகவே ஒரு ஆள் போனில் பேசுவது போல் இருந்தது. மொய்க் கவரோடு வரிசையில் நின்றவர்கள் நகரவில்லை. கம்பெனிக்காரரின் கால் தாளத்தை விட்டுவிட்டது. நானே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கோபம் வேறு.

முடிந்ததும் கம்பெனிக்காரர் நேராக மிக்சருக்கு வந்தார். நாங்களும் அங்கேதான் இருந்தோம்.

"இந்த மெலடிதாங்க. ரெக்கார்டிங்லயும் இதே மாதிரி எக்கோ இல்லாம வெச்சுக்கலாம். யார் ஐடியா?"

பாபு வெள்ளந்தியாகச் சொன்னான். "சேகர் அண்ணன்தாங்க. ஏழுமலை அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பினாரு."

தனசேகர் என்னைப் பார்த்தான். அவன் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பி, "ரெண்டு பேரும் பேசி வெச்சதுங்க" என்றான்.

4. பந்தியில்

சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு எதுவும் இறங்கவில்லை. "ஏன்டா என்னக் காட்டிக் குடுக்கல?" என்று கேட்டேன்.

அவன் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "போன ஆடியில செஞ்சி பக்கம் பாடினமே, உன் பாட்டு நடுவுல பேடு வொயரு கழண்டுச்சே. அது தானா கழலல. நான்தான் கால்ல இழுத்தேன்."

அந்த வொயருக்காக வீடு வந்து சேரும்வரை பாபுவைத் திட்டியவன் நான்.

"நீ பாடுனா ஜனம் எழுந்து நிக்குது. நான் பாடுனா உக்காந்துக்குது. எனக்கு மட்டும் எரியாதா? சாப்புடு, ஜல்தி. அடுத்த பந்திக்கு ஆளு நிக்குது."

இப்போதெல்லாம் சவுண்டு செக்கில் நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் மிக்சரிடம் போகிறோம். நம்பிக்கையால் அல்ல, நம்பாததால். அவன் வீடியோவை நான் இன்னும் முழுதாகப் பார்த்ததில்லை. ஜோடியாகத் தொழில் செய்ய வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கூட்டாளி மேல் பொறாமை வந்தால், வேறு யாரிடமும் போகாமல் அவனிடமே சொல்லிவிடுங்கள். உங்களிடம் சொல்ல அவனும் ஒன்று வைத்திருப்பான்.