நான்காவது சுவர்

பூச்சு காய்வதற்குள் குன்றை விட்டு இறங்கிவிட்டேன். தோளில் சாக்குப்பை, அதில் கொத்தனார் கரண்டி, உளி, தூக்குக்குண்டு. கும்மிடிப்பூண்டிக்கு நடந்தே போவதாக முடிவு. வழி கேட்க ஆளில்லை. ரயில் சத்தம் கேட்ட பக்கம் நடந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஒரே ஊரில் ஒரு வருஷம் இருந்ததில்லை. அந்தக் குன்றில் மட்டும் நான்கு மாதம் தங்கினேன். தெற்கத்தி ஃபாதர் ஒருவர் அங்கே சிற்றாலயம் கட்டினார். மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே ஓடு. பீடத்துக்குப் பின்னால் சுவர் கிடையாது. குன்றின் பாறையே சுவர். அதில் மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டின் மேல் மரச்சிலுவையை நிறுத்துவது ஃபாதரின் எண்ணம். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. நோட்டில் படமாகப் போட்டு வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் வந்து ஆலயத்தை மந்திரித்துத் திறந்துவைப்பதாக இருந்தது. "மூணு சுவரையும் பூசி முடிச்சிடு" என்று சொல்லிவிட்டு, சிலுவையை எடுத்துவர ஃபாதர் மெட்ராஸ் போனார்.

இரண்டே நாளில் முடித்துவிட்டேன். சிமென்ட் மூன்று மூட்டை மீந்தது. கீழ்த்தெரு அந்தோணியம்மாதான் சித்தாள். அத்தனை தண்ணீரையும் குடத்தில் மேலே சுமந்தவள். அவள் இடுப்பில் கைவைத்துப் பாறையைப் பார்த்தாள்.

"இன்னா மேஸ்திரி, மூணு பக்கம் பூசிக்கினு ஒரு பக்கத்த அம்மணமா உட்டுக்கிற?"

"ஃபாதர் மூணுதான் சொன்னாரு."

"மறந்து பூட்டிருப்பாரு. எங்க ஊடுதான் மண்ணு சொவுரு. ஆண்டவரு ஊடும் அப்பிடியே கெடக்கணுமா? ஆயரு வந்து பாத்தா உன்னியத்தான் கேப்பாரு."

கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பிடித்தது. பூசாத சுவர் என்றால் கொத்தனாருக்குத்தான் கேவலம். வழவழப்பான பாறையில் பூச்சு நிற்காது என்பதால் ஒரு நாள் முழுக்க உளியால் கொத்திவிட்டேன். தெருவே திரண்டு தண்ணீர் தூக்கியது. மறுநாள் பூசினேன். அவ்வளவு சமமான சுவரை நான் அதற்கு முன் பூசியதில்லை.

சனிக்கிழமை ஃபாதர் மாட்டுவண்டியில் சிலுவையோடு வந்தார். உள்ளே போனவர் நேரே பீடத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

"யார் சொன்னது?"

"நான்தான் ஃபாதர்" என்றாள் அந்தோணியம்மா. "ஷோக்கா கீது பாருங்க."

"உளியை எடு" என்றார் என்னிடம். "உரிச்சிடு."

இரண்டு கை அகலம் உரித்தேன். உள்ளே கறுப்புக் கோடு இல்லை. அம்மைத் தழும்பு போல வெள்ளை வெள்ளையாக உளிக்குழிதான் இருந்தது.

"பாறையைக் கொத்தினியா?"

"கொத்தலைன்னா பூச்சு நிக்காது, ஃபாதர்."

அவர் பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். நோட்டைத் திறந்து அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தோணியம்மா உதிர்ந்த காரையை முந்தானையில் அள்ளினாள். "ஆண்டவரு ஊடு, குப்பையா கெடக்கக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஃபாதர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடிடு" என்றார் கடைசியில். "அப்புறம் நீ போயிடு."

மூடினேன். சிலுவையை எங்கே நிறுத்துவது என்று கேள்வி வந்தது. ஃபாதர் கரித்துண்டோடு சுவர் முன் நின்றார். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அவருக்கு இடம் பிடிபடவில்லை. எனக்குத் தெரியும். அந்தக் கோட்டை அங்குலம் அங்குலமாகக் கொத்தியவன் நான். நடுவிலிருந்து இடப்பக்கம் இரண்டு சாண். விரலை வைத்துக் காட்டினேன். அவர் குறி போட்டார். சிலுவை ஏறியதைப் பார்க்க நான் நிற்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: பூசச் சொன்னதைக் கேட்டால் போதாது, பூசக்கூடாததையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் படுத்து எழுந்தேன். அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. காலையில் ஒரு ஷெட்டு வாசலில் அங்கத்து மேஸ்திரி என்னை நிறுத்தினார்.

"இன்னாபா, இன்னா வேல தெரியும்?"

"பூச்சு வேலை. எதைப் பூசக்கூடாது, அதை முதல்ல சொல்லுங்க."

"காலங்காத்தால பேஜாரு பண்ணாத. நாலு சொவுரு கீது, நாலையும் பூசு."

நான்கும் செங்கல்தானா என்று ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, கரண்டியை எடுத்தேன்.