கறிக்கடை ஜபருல்லாவும் பதினாலாம் புத்தகமும்

பினாங்கின் சௌராஸ்தா பாசாரில் ஆட்டுக்கறி வெட்டிய ஜபருல்லாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் துப்பறியும் கருணாமூர்த்தி அதுவரை பிடித்த பதின்மூன்று கொலைகாரர்களின் பெயரையும் வரிசை பிசகாமல் சொல்வார். கருணாமூர்த்தியும் அவருடைய கூட்டாளி ஏட்டு வீரபாகுவும் நாகப்பட்டினத்துக் கப்பலில், மூன்று மாதத்துக்கு ஒரு புத்தகமாகப் பினாங்குக்கு வந்து இறங்குவார்கள். வாங்குகிறவர் சந்திரசேகரன், பீச் ஸ்த்ரீட்டில் ஒரு கொப்பரைக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. மத்தியான இடைவேளையில் பாசாருக்கு எதிரே இருந்த கோப்பிக் கடையில் அவர் உரக்கப் படிப்பார். கறி விற்றுத் தீர்ந்து கைகழுவிவிட்டு வந்த ஜபருல்லா கேட்பார்.

சும்மா கேட்கமாட்டார். ஒரே வெட்டில் தலை துண்டானது என்று புத்தகம் சொன்னால் கொதித்துப் போவார்.

"பொய் லா, கிராணியாரே. ஆட்டுக்கே ரெண்டு போடணும். இதை எழுதினவரு கத்தியே பிடிச்சதில்ல."

"பொறுங்க பாய், ஏட்டு வரட்டும்" என்று சந்திரசேகரன் பக்கத்தைத் திருப்புவார்.

கிடங்கிலிருந்து மூட்டைகளைக் கடத்திய படகுக்கூலிகளின் தலைவன் தங்கராஜுவைப் போலீசில் காட்டிக்கொடுத்தவர் இந்தச் சந்திரசேகரன்தான். எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்த தங்கராஜு, 1934இல் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினாலாம் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தபோது, இரண்டு ஆட்களோடு கடைக்குள் நுழைந்தான்.

"படிச்சது போதும், கிராணி."

சந்திரசேகரன் நிமிர்வதற்குள் பாராங் கத்தி அவர் தோளில் இறங்கியது. எலும்பு பிளக்கும் சத்தம் ஜபருல்லாவுக்குப் பழக்கமானது. அதற்குப் பின் வந்த அலறல் பழக்கமில்லாதது. அவர் கையில் கத்தி இல்லை. அடுப்பில் கொதித்த வெந்நீர்ப் பானையைத் தூக்கி ஒருவன் முகத்தில் கொட்டினார். முகம் வெந்து அவன் தரையில் உருண்டான். மற்றவன் ஜபருல்லாவின் இடது முன்கையை வெட்டினான். அவர் முக்காலியால் அவன் வாயில் ஓங்கி அடித்தார். பற்கள் தெறித்தன. அதற்குள், மேசைக்கடியில் ஊர்ந்த சந்திரசேகரனைத் தங்கராஜு காலைப் பிடித்து வெளியே இழுத்து, முதுகில் மூன்று வெட்டு வெட்டினான். பிறகு தெருவில் இறங்கிப் போனான். ஓடவில்லை, நடந்துதான் போனான்.

"பாய்... தண்ணி..."

ஜபருல்லா கொண்டுபோன கோப்பை உதட்டைத் தொடுமுன் உயிர் போய்விட்டது.

கடையில் இருந்த பதினோரு பேரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். பிடிபட்ட இருவரும் தங்கராஜு பெயரை வாயில் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஜபருல்லா மட்டும் சொன்னார்: எவன் எங்கே நின்றான், எந்த வெட்டு முதலில் விழுந்தது, முதுகு வெட்டு மூன்றும் ஏன் இடது கைக்காரன் போட்டவை. பிரேதத்தை அறுத்த டாக்டரின் அறிக்கையும் அப்படியே இருந்தது. தங்கராஜு இடது கைக்காரன்.

வழக்குக்கு இரண்டு நாள் முன்பு, ஜபருல்லாவின் பட்டியில் இருந்த ஆறு ஆடுகளையும் யாரோ கண்டதுண்டமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். மனைவி நூர்ஜான் அழுதாள்.

"ஊருக்குப் போயிடலாங்க. அடுத்து நம்ம கழுத்துதான்."

"சாட்சி சொல்லிட்டு எங்க வேணும்னாலும் போவோம்" என்றார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தினமும் துப்பறியும் கதை கேட்கிறவன்தானே நீ? அதைத்தானே இங்கே ஒப்பிக்கிறாய்?"

"கதையில ரத்தம் நாறாதுங்க ஐயா. அன்னைக்கு நாறுச்சு. இருபது வருஷமா ஆட்டு ரத்தத்துல நிக்கிறவன் நான். இது வேற நாத்தம்."

தங்கராஜுவுக்குத் தூக்கு, மற்ற இருவருக்கும் பத்து வருடம். கைதிக்கூண்டிலிருந்து இறங்கும்போது தங்கராஜு துப்பிய எச்சில் ஜபருல்லாவின் சட்டையில் விழுந்தது. அவர் துடைக்காமலே வீட்டுக்கு நடந்தார்.

இடது கை அதன்பின் மடங்கவில்லை. வெட்டும் வேலையை மைத்துனனிடம் விட்டுவிட்டுத் தராசுப் பக்கம் நின்றார். ஊருக்குப் போகவுமில்லை. கிராணியாரின் புத்தகம் ரத்தக்கறையோடு போலீஸ் வசம் போய்விட்டதால், அதே பதினாலாம் புத்தகத்தில் வேறொரு பிரதி வாங்கி வந்து நூர்ஜானிடம் கொடுத்தார். நாகூரில் சிறுமியாக இருந்தபோது நாலெழுத்துப் படித்தவள் அவள்.

எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பிணம் கிடந்தது.

"நிறுத்து" என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"வேணாம்னா வச்சிடறேங்க."

"இல்ல, படி. செஞ்சவனைப் பிடிக்கணும்ல."

நூர்ஜான் விரலை வரியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் போனாள்.