தேவசகாயம் கொடுத்த அனுமதி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கோளாறு என்பீர்கள், சொல்லுங்கள். எனக்குப் பிழைப்பே கம்ப்யூட்டர்தான், நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். வெளியே மெயில் அனுப்ப இரண்டு சர்வர்கள். ஒன்று மில்லில் என் பொறுப்பில், இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் என் சிநேகிதன் தேவசகாயத்தின் பொறுப்பில். ஒரு ஊரில் போன் லைன் செத்தால் அடுத்த ஊர் வழியாகப் போகும். ஆனால் யாருக்கு அனுப்பலாம், யாருக்குக் கூடாது என்கிற விதிகள் இரண்டுக்கும் பொதுவாக ஒரே டேட்டாபேஸில், அவன் மெஷினில் இருந்தன. தனித்தனியாக வைத்தால் இங்கே தடுத்தது அங்கே நழுவிவிடும் என்று அவன்தான் அப்படிச் செய்தான். நூல் வாங்குகிறவர்களைத் தவிர யாருக்கும் மெயில் போகக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. விதியை மாற்றும் பாஸ்வேர்டு அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். எனக்கும் சொல்லி வை என்றால், "நான் எங்கலே போயிரப் போறேன்" என்று சிரிப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், அவ்வளவுதான். நாற்பது வயது கூட ஆகவில்லை.

நான் போனபோது வீட்டில் ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய்யா, சின்னவனுக்குச் சொல்லிட்டியா? அவன் வந்து அண்ணனுக்கு முத்தங் குடுக்காம பெட்டிய மூட விடமாட்டேன்."

சின்னவன் அருள் மஸ்கட்டில் இருந்தான். அவன் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. உறவுக்காரர்கள் மறுநாள் காலையே அடக்கம் என்று முடிவு செய்துவிட்டார்கள். தந்தி போய்ச் சேருமா என்பதே சந்தேகம். கையில் இருந்தது அருளின் கம்பெனி மெயில் முகவரி மட்டும். பிரவுசிங் சென்டரெல்லாம் எங்கள் பக்கம் வராத காலம்.

மேனேஜரிடம் சாவி வாங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசைத் திறந்தேன். மெயில் அடித்தேன், அனுமதி இல்லை என்று நிறுத்திவிட்டது. பாஸ்வேர்டாக தேவசகாயத்தின் பிள்ளைகள் பெயர், அம்மா பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் திறக்கவில்லை. பூட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்கு ஓடி என் மெஷினிலும் போட்டேன். பொது விதிதானே, அதுவும் நிறுத்தி வைத்தது. செத்தவனுடைய தம்பிக்குச் செய்தி சொல்ல, செத்தவன் வந்து அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வேன் என்று கீபோர்டில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

நம்பினால் நம்புங்கள், நல்ல மதிய வெயில் நேரம், மோடம் கீச்சிட்டது. நிறுத்தி வைத்திருந்த மெயில் தானாகப் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது, சாவி என் சட்டைப்பையில்.

அருள் கிளம்பிவிட்டதாகப் பதில் வந்தது. அதன் பிறகுதான் அடக்கத்தைத் தள்ளிப்போடச் சம்மதித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரத்திலிருந்து டாக்சியில் வந்து இறங்கியவன் அண்ணன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை, நாங்கள்தான் பிடித்துத் தூக்கினோம். பெட்டியை மூடும்போது ஐந்தரை மணி. அம்மா தடுக்கவில்லை.

பிறகு மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து டேட்டாபேஸைத் திறந்தார். அருளின் முகவரிக்கு அனுமதி ஏறியிருந்தது, வெள்ளிக்கிழமை மதியம், தேவசகாயத்தின் பெயரில். முன்னாலேயே ஏற்றியிருப்பார், கடிகாரம் தப்பாக இருந்திருக்கும் என்றார் இன்ஜினியர். நானும் தலையாட்டினேன்.

ஆனால் ஒவ்வொரு அனுமதிக்கும் எதுவரை செல்லும் என்று ஒரு கெடு போட வேண்டும். அதில் சனிக்கிழமை மாலை ஐந்தரை என்று இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் எல்லோரும் அடக்கம் காலையில் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.