வெள்ளாயணிச் சேறும் என் குங்குமச் சிமிழும்

போன ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை வெள்ளாயணிக் காயல் என்கிற ஏரிக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, சேறு எடுக்க. மகள் நித்யா மண் ஆராய்ச்சி செய்கிறாள். கூட வர வேண்டிய தோழிக்குக் காய்ச்சல். படகில் குழாயைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், படிப்பு தேவையில்லை என்றாள். பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரியைக் கைவிட்டவன் நான். எனக்கென்றே அமைந்த வேலை.

ஏரியின் அடியில் வருஷா வருஷம் சேறு படிந்துகொண்டே வருகிறது. மேலே இருப்பது நேற்றையது. கீழே போகப்போக நூறு வருஷம், ஆயிரம் வருஷம், அதற்கும் முன்னால். ஒவ்வொரு அடுக்கிலும் ஈயம், துத்தநாகம் மாதிரி உலோகங்கள் துளித்துளியாக இருக்கும். எந்தக் காலத்தில் எது எவ்வளவு என்று அவள் பார்க்கிறாள். அளவு அவ்வளவு சிறியது என்பதால் உலோகம் எதுவும் கிட்டே வரக்கூடாது. நான் மோதிரம், வாட்ச், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேட்டியோடு கிளம்பினேன்.

வலியசாலையிலிருந்து காலை ஆறு மணிக்கு ஆட்டோ. இரண்டரை மீட்டர் பிளாஸ்டிக் குழாய்கள் மூன்றைக் கூரையில் கட்டினோம். கரமனை, பாப்பனங்கோடு வழியாக ஒன்பது கிலோமீட்டர், 250 ரூபாய். ஆறு நாற்பதுக்குக் கரையில் இருந்தோம். படகுக்கு 1500 பேசியிருந்தாள். அனுமதி அன்றைக்கு ஒரு நாள்தான். தவறினால் அவளுடைய ஒரு வருஷம் போச்சு.

அவள் படகுக்காரர் சசியிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் சைக்கிளோ பிரிட்ஜோ, புதுசாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட மாட்டோம். மோதிரத்தோடு கழற்றி வைக்கத் தோன்றாமல் இடுப்பில் செருகியிருந்த பித்தளைச் சிமிழை எடுத்தேன். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, மூன்று குழாய்க்கும் தாராளமாக ஒவ்வொரு பொட்டு வைத்தேன்.

ஒரு மீட்டர் தண்ணீர். குழாயை நிமிர்த்திச் சேற்றில் அழுத்தி, வாயை மூடி, மெல்ல இழுத்தோம். உள்ளே கருஞ்சேறு முழுசாக வந்தது. வெளியே, தெறித்த தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, இதென்னது?”

“குங்குமம்டி. நல்ல காரியம்...”

“கடைக் குங்குமமா? அதுல ஈயம் இருக்கலாம்பா! நான் தேடறதே ஈயம்!”

சசி எட்டிப் பார்த்தார். “நல்ல ஐஸ்வர்யமாயிட்டுண்டல்லோ, சாமி!” என்று, மங்களகரமாக இருக்கிறதே என மலையாளத்தில் என்னைப் பாராட்டினார். நித்யா பார்த்த பார்வையில் அவர் துடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “எந்தப் பக்கம் வெச்சேள்?”

“மேல்னு அம்புக்குறி போட்டிருந்தயே, அங்கதான்.”

“உள்பக்கம்?”

“உள்ள யாராவது பொட்டு வைப்பாளா?”

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சேற்றுக்குள் போவது அடிமுனை. பொட்டு மேல்முனையில், அதுவும் வெளியே. குழாயை ஒட்டிய சேற்றை எப்படியும் சீவி எறிந்துவிட்டு நடுவில் இருப்பதைத்தான் பிளாஸ்டிக் கத்தியால் எடுப்பார்களாம். நல்லவேளை, காலில் பொட்டு வைக்கும் வழக்கம் நமக்கில்லை.

மற்ற இரண்டையும் நானே உட்கார்ந்து, அவள் தந்த சுத்தத் தண்ணீரால் தேய்த்துக் கழுவினேன். “காதுக்குப் பின்னாலயும் தேய்ங்கோ” என்றாள், குழந்தையைக் குளிப்பாட்டச் சொல்வது போல. கோபம் தணிந்துவிட்டது என்று தெரிந்தது.

பதினொன்றரைக்குக் கரையேறினோம். சேற்றுக் குழாய் சாயக்கூடாது. கூட்ஸ் ஆட்டோவுக்கு 700 கொடுத்து, பின்னால் நின்றபடி மூன்றையும் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன். பாப்பனங்கோடு சிக்னலில் ஒருவர் போட்டோ எடுத்தார்.

ஒத்துப்பார்க்க வேண்டும் என்று என் சிமிழையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு போன் வந்தது: குங்குமத்தில் ஈயம் இருக்கிறது, ஆனால் அந்தக் குங்குமத்து ஈயத்தின் சாயல்கூடச் சேற்றில் இல்லை. போனை வைத்ததும் இரண்டு காப்பி குடித்தேன்.

போகிறவர்களுக்கு: ஜனவரியில் காலை ஏழு மணிக்குள் போங்கள், அப்புறம் வெயில் தாங்காது. தொப்பி, குடிதண்ணீர் அவசியம். படகுக்கூலியை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஆராய்ச்சிக்காரர் யாரோடாவது போனால், எதைத் தொடுவதற்கு முன்பும் கேளுங்கள், சாமி காரியமானாலும்.

அடுத்த ஏரிக்கும் நித்யா கூப்பிட்டிருக்கிறாள். தோழிக்குக் காய்ச்சல் விட்டு மாதமாகிறதே என்றேன். “அது தெரியும். நீங்க வாங்கோ, சிமிழ் மட்டும் நம்மாத்துலயே இருக்கட்டும்” என்றாள்.