திருத்தப்பட்ட தலை

"விண்ணப்பத்தில் ஒட்டப்படும் புகைப்படம் எவ்விதத் திருத்தமும் செய்யப்படாததாக இருத்தல் வேண்டும்." ஓய்வூதியர் அட்டைக்கான படிவத்தின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கும் விதி இது. பதுளையில் முப்பத்தெட்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பெழுதும் லிகிதராக இருந்தவள் நான். எந்தப் படிவத்திலும் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். இன்று காலை வங்கியில் அந்த அட்டையை நீட்டியபோது, அதற்குப் பட்ட பாடெல்லாம் ஞாபகம் வந்தது.

ஹாலிஎலயில், நானா என்று ஊரே கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் ஸ்டூடியோவுக்குக் கொண்டையோடுதான் போனேன். தங்கையும் கூட வந்தாள். எங்கள் சின்ன வயதில் அந்த ஸ்டூடியோவில் நூலில் கட்டிய சீப்பும் பவுடர் டின்னும் இருக்கும். வாசனைக்காகவே இரண்டு தடவை பூசிக்கொள்வோம். இப்போது சீப்பு கணினிக்குள் போய்விட்டது. "கட்டையா வெட்டினா எப்படி ஈக்கும்னு பாப்பமா மிஸ்?" என்று விளையாட்டாகக் கேட்டு, நானா என் முகத்துக்கு மேல் திரையில் ஒவ்வொரு விதமான முடியாக மாட்டினார். சுருட்டை முடியில் நான் காலிஃபிளவர் மாதிரி இருந்தேன். காதுவரை கட்டையாக வெட்டியது வந்ததும் மூவரும் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தோம். நன்றாக இருந்தது.

"ஏங்க்கா, பென்சன் எடுத்த பொறகு பொலிசுல சேரப் போறியா?" என்றாள் தங்கை. சிரித்து முடித்துவிட்டு, "அம்மா இருந்தா விட்டிருக்குமா?" என்றாள்.

அம்மா லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். தலையில் மாட்டும் கூடைக் கயிறு உராய்ந்து உராய்ந்து, உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே முளைக்காத தடம் விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தலையில் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துப் பின்னுவாள். "எனக்குத்தான் கயிறு தின்னுருச்சு. நீயாச்சும் நீட்டமா வச்சுக்க." வைத்துக்கொண்டேன். அம்மா போன பிறகும், கழுத்து வலி வந்த பிறகும் வைத்துக்கொண்டேன். அம்மா கேட்டதை அறுபது வயதுவரை செய்தாயிற்று. இனி இது என் தலை.

அன்றே வெட்டிக்கொண்டேன். ஸ்டூடியோவை அடுத்த சலூன் நானாவின் தம்பியுடையது. இரண்டு கடைக்கும் ஒரே பற்றுச்சீட்டுப் புத்தகம். வெட்டிய தலையோடு படம் எடுத்ததும் நானா சீட்டில் "படம், முடி திருத்தம்" என்று எழுதித் தந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். கையிலுள்ள காகிதத்தையெல்லாம் இணைத்து அனுப்புகிற லிகிதர் புத்தி விடவில்லை, அதையும் இணைத்தேன்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. "படத்தில் முடி திருத்தப்பட்டுள்ளது. கோப்பிலுள்ள முன்னைய தோற்றத்துடன் புதிய படம் அனுப்புக."

நானா பதறிப்போனார். "கொம்பியூட்டர்ல கொண்டைய மாட்டித் தாறன் மிஸ். ஒருத்தருக்கும் வெளங்காது."

உண்மையாகவே திருத்திய படம் என்றால் பேசாமல் எடுத்துக்கொள்வார்கள். நான் மறுத்தேன். "திருத்தப்பட்டது என் தலை, படம் திருத்தப்படவில்லை. நேரில் சமூகமளித்துத் தலையைக் காட்டத் தயார்" என்று பதிவுத் தபாலில் எழுதினேன். பிறகு மூன்று நினைவூட்டல்கள். விசாரணையிலுள்ள சான்றுப் பொருளை மாற்றக் கூடாது என்பதால், மாதம் தவறாமல் அதே அளவுக்கு வெட்டிக்கொண்டேன்.

அதற்குள் ஸ்டூடியோ போன் கடையாகிவிட்டது. நாங்கள் பிறந்த லயத்து வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். தோட்டத்தில் மூங்கில் கூடையும் இல்லை, நைலோன் பைதான்.

கடைசியில் ஒரு உறை வந்தது. அட்டையும், "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒற்றைச் சொல்லும். கடிதத்தில் திகதி போட மறந்திருந்தார்கள். பேனாவை எடுத்து மூலையில் நானே எழுதினேன்: கிடைத்த திகதி, ஜனவரி பதினாறு.